படைக்காத பொங்கல்

கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று அண்ணன் வாட்சாப்பில் குரல் அனுப்பிய நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அதே மேசைக்கு என் நாத்தனாரும் வருகிறார்.

நான் கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுத்தவள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. விசுவாசம் என் சொந்தம். முதலில் முகத்தைத் தூக்கி வைத்திருந்த அண்ணனும் போகப்போகச் சமாதானமானார். உறவு முறிந்தது ஒரு பொங்கலன்று. ரப்பர் தோட்டத்துக் கோயிலில் படைத்த சர்க்கரைப் பொங்கலை எவர்சில்வர் டப்பாவில் எடுத்துக்கொண்டு, கரங்கானிலிருந்து குருணில் இருக்கும் என் வீட்டுக்குச் சூடு ஆறுவதற்குள் வந்து சேர்ந்தார் அண்ணன். வாசலில் நாத்தனார் நின்றிருந்தார்.

“நாங்க படைக்க மாட்டோம், படைச்சத சாப்பிடவும் மாட்டோம்” என்றார். வெளி கேட்டைக்கூடத் திறக்கவில்லை.

எங்கள் சபையில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நானும் அந்தப் பொங்கலைத் தின்றிருக்க மாட்டேன். ஆனால் என் கூடப் பிறந்தவரை உள்ளே கூப்பிட்டு, ஒரு தே கலக்கிக் கொடுத்துவிட்டுச் சொல்லியிருக்கலாமே. நான் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு ஓடி வருவதற்குள் அண்ணனின் காடி தெருமுனை தாண்டிவிட்டது. அதன்பிறகு அண்ணன் என் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தாய்வீடு என்று எனக்கு மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான். இந்த முறையும் சாப்பிடாமல் எழுந்துவிட்டால், அத்தோடு அதுவும் இல்லை.

அதனால் எல்லாவற்றையும் யோசித்து யோசித்துச் செய்தேன். மாட்டுக்கறி ரெண்டாங் கொண்டு வருவதாக நாத்தனார் போன் செய்தபோது, “வேணாங்க்கா, எங்கண்ணன் வராரு” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன். பாசாரில் மாட்டுக்கறி படாத புதுக் குவாலிச் சட்டி வாங்கி அதில்தான் ஆட்டுக்கறி பிரட்டினேன். கணவரிடம், “நீங்களே ஜெபம் பண்ணுங்க. ரெண்டு வரி போதும். அக்கா கையில குடுத்துடாதீங்க” என்று மூன்று தடவையாவது சொல்லியிருப்பேன். மனிதர் தலையைத் தலையை ஆட்டினார்.

ஆனால் எல்லோரும் மேசையில் உட்கார்ந்ததும், கணவர் தொண்டையைக் கனைப்பதற்குள் நாத்தனார், “நான் ஜெபிக்கிறேன்” என்று கண்ணை மூடிவிட்டார்.

அவர் ஜெபித்தால் சோறு ஆறிவிடும். அது எனக்குக் கவலையில்லை. இருளில் கிடக்கிற ஆத்துமா என்று அண்ணனைக் காட்டி ஏதாவது சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம். நான் கண்ணை மூடவே இல்லை. பெத்லகேமில் தொடங்கி, மேய்ப்பர்களைக் கடந்து, “இன்றைக்கு இந்த மேசைக்கு வந்திருக்கிற ஒவ்வொருவரையும் ஆண்டவரே” என்று வந்தபோது மேசைத்துணியைக் கசக்கிப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் கைகூப்பி, தலை குனிந்து, பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, ஆமென் வந்துவிட்டது.

அண்ணன் கூப்பிய கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு மரியாதையாகத்தான் கேட்டார்: “படைச்சாச்சுல்ல? சாப்பிடலாமா?”

எங்கள் பிறந்த வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்கிற கேள்வி அது. அவருக்கு வேறு வார்த்தை தெரியாது.

நாத்தனாரின் முகம் இறுகியது. “நாங்க படைக்க மாட்டோம்” என்றார். மிச்சத்தையும் சொன்னார், அன்றைக்குச் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல்.

தட்டுக்குப் போன அண்ணனின் கை பாதியில் நின்றது. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். “காடியில ஒன்னு இருக்கு” என்று வெளியே போய்விட்டார்.

நான் நாத்தனார் பக்கம் திரும்பினேன். “அக்கா, அவரு என் வீட்டுக்கு வந்திருக்காரு. உங்க வீட்டுக்கு இல்ல” என்றேன். கணவர், “விடு லா” என்றார். என்னத்தை விட? கார்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அடுத்து இன்ஜின் சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கதவு மூடியது. செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

அவர் கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. அன்றைக்கு வாசலோடு திரும்பிப் போன அதே டப்பா. எனக்குப் பகீரென்றது.

“பொங்கல்” என்றார், நாத்தனாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்து. “உள்ள எடுத்துட்டு வரலாமா வேணாமான்னு யோசனையாவே இருந்துச்சு. காலையில வீட்டுலதான் வெச்சது. படைக்கல பாப்பா.”

எனக்கு உடனே புரியவில்லை.

“உங்கண்ணி சண்டைக்கு வந்துட்டா, சாமிக்குக் காட்டாம எப்பிடின்னு. இது தங்கச்சிக்குன்னு சொல்லிட்டேன்.”

எங்கள் பிறந்த வீட்டில் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்குக்கூட, வைத்த பொங்கலைச் சாமிக்குக் காட்டாமல் ஒரு கரண்டி கிடைக்காது. அந்த வழக்கத்தை அம்மாவுக்குப் பிறகு அண்ணன் ஒரு நாளும் விட்டதில்லை. எனக்காக இன்று விட்டிருக்கிறார்.

டப்பாவைத் திறந்தேன். நெய் வாசனை எழுந்தது. ஒரு கை அள்ளி வாயில் வைத்ததும் அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. நாத்தனார் கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தட்டில் ஓரமாக இடம் ஒதுக்கி, அதை என் பக்கம் நகர்த்தினார்.

அண்ணன் உட்கார்ந்தார். கறியைச் சோற்றோடு பிசைந்து முதல் வாய் வைத்து மென்றார்.

“உப்பு கம்மி லா, பாப்பா” என்றார்.