கதவின் உட்பக்கம் ஒட்டிய நோட்டீஸ்

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, காரைக்காலில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாலை, எங்கள் தெருவில் கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மா என்னைத் தேடி வந்தார்.

"கல்யாணமான பொண்ணுங்க வந்து கேக்கறது எல்லாம் ஒண்ணுதாங்க. வலிக்குது, பயமா இருக்கு, ஆசையே வரல, இது நோயாங்கறாங்க. வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாம்மான்னா, அவரு துபாய்ல இருக்காருங்கறாங்க. இத இண்டர்நெட்டுல பாடமா அனுப்ப முடியுமா?"

முடியும் என்று சொல்லும்போதே எனக்குப் பரபரப்பு தாங்கவில்லை. பழைய பில் ஒன்றின் பின்புறத்திலேயே திட்டம் போட்டோம். எட்டுப் பாடங்கள், வாரம் ஒன்று, மின்னஞ்சலில். உடல், ஆசை, வலி, கருத்தடை, வேண்டாம் என்று சொல்வது, அதைக் கேட்டுக்கொள்வது. வெளிநாட்டுக் கம்ப்யூட்டர்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக மாற்றி அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

முதல் பாடத்தைப் பக்கத்து வீட்டுத் தோழியிடம் கொடுத்தேன். என்னிடம் கம்ப்யூட்டர் படித்தவள், கணவர் ஷார்ஜாவில். படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னக்கா இது, பத்தாங்கிளாஸ் சயின்ஸ் பரீட்சையா? படத்துக்கு அம்புக்குறிலாம் போட்டிருக்கீங்க. மச்சான்கிட்ட நான் எப்படிப் பேச்செடுக்கணும், அதச் சொல்லுங்க."

டாக்டரம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "நல்லாக் கேட்டா!" என்று சிரித்துக்கொண்டே தாளைக் கிழித்துப் போட்டார். புதிய முதல் பாடம் ஒரே பக்கம்தான். 'உங்களுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது? இருவரும் தனித்தனியாக எழுதி ஒருவருக்கொருவர் அனுப்புங்கள்.' அம்புக்குறிகளெல்லாம் மூன்றாம் பாடத்துக்குப் போயின.

அடுத்தது விளம்பரம். 'பாலியல் நலக் கல்வி' என்று சிவப்பில் பெரிதாக, கீழே மின்னஞ்சல் முகவரியோடு அச்சடித்து மருந்துக்கடையிலும் பிரவுசிங் சென்டர் வாசலிலும் ஒட்டினோம். பத்து நாளில் ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே எல்லோரும் நடையை விரைவாக்கினார்கள்.

மறுபடியும் தோழிதான். "நாலு பேரு பாக்கற இடத்துல யாருக்கா நின்னு படிப்பா? கிளினிக் பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. தாப்பாப் போட்டுட்டு ஆற அமரப் படிப்பாங்கல்ல?"

நானும் டாக்டரம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கே நோட்டீஸை மாற்றினோம். தலைப்பு: 'கல்யாணத்துக்கு அப்புறம் – தம்பதிகளுக்கு மட்டும்'. கீழே, பெயர் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு வரி. பெண்களுக்காகக் கிளினிக் பாத்ரூம் கதவின் உட்பக்கம். ஆண்களுக்காக, உரிமையாளரிடம் கெஞ்சி, பிரவுசிங் சென்டர் தடுப்பறைகளின் உட்பக்கம்.

மறுநாள் வகுப்பு நடுவில் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தேன். மூன்று பேர்! நான் போட்ட கூச்சலில் வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஏதோ வைரஸ் என்று சமாளித்தேன். வார முடிவில் பதினேழு பேர் ஆனார்கள். திருவேட்டக்குடியிலிருந்து வந்த ஒரு பெண், "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க, பேப்பர்ல தர்றீங்களா?" என்று கேட்டு வாங்கிப் போனாள். குவைத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: 'ரூமில் ஆறு பேர். நான் படிக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். யாரும் கேலி செய்யவில்லை.' அந்த வரியை டாக்டரம்மா என்னை மூன்று முறை வாசிக்கச் சொன்னார்.

ஐந்தாம் பாடம் அனுப்பிய வாரத்தில் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. டாக்டரம்மாவின் குரல் கிசுகிசுப்பாக இருந்தாலும் உற்சாகம் பொங்கி வழிந்தது.

"ஏங்க, லீவுல வந்த மனுஷன் பொண்டாட்டியோட ஜோடியா வந்திருக்காரு! கேள்வியெல்லாம் ரெண்டு பேரும் ஒரே பேப்பர்ல எழுதிட்டு வந்திருக்காங்க! என் ரூம்ல பேஷண்டுக்கு ஒரு நாற்காலிதானே இருக்கு, இன்னொண்ணு எடுத்தாரப் போறேன், வைக்கிறேன்."