அக்கா வீட்டுக் கம்பம்

கம்பெனியில் எல்லாரும் அவனை உச்சாணி என்றுதான் கூப்பிட்டார்கள். பதினொரு வருஷமாக அடுத்தவர் வீட்டு மொட்டைமாடியிலும் ஓட்டுக்கூரையிலும் ஏறி நின்றே பிழைத்தவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? "உயரமெல்லாம் பெயரோட நின்னு போச்சு" என்பாள் அவன் மனைவி.

வீடுகளுக்கு வயர்லெஸ் இன்டர்நெட் இணைப்புக் கொடுப்பது அவன் வேலை. ஊருக்கு வெளியே மேட்டில் கம்பெனியின் டவர் நின்றது. அதைப் பார்த்தாற்போல வீட்டு உச்சியில் சாப்பாட்டுத் தட்டளவு ரிசீவர் ஒன்றை மாட்ட வேண்டும். அதிலிருந்து கேபிளைச் சுவரோடு இறக்கி, துளை போட்டு உள்ளே இழுத்து, ரவுட்டரில் செருக வேண்டும். நடுவே மரமோ மாடியோ மறைத்தால் சிக்னல் செத்துவிடும்.

ஏறுவது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. வாசலில் நின்று பேசுவதுதான் உயிரை வாங்கியது.

விளம்பரத்தில் "இணைப்பு இலவசம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அதன் தோளில் கடுகளவு ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்துக்கு விளக்கம், தாளின் அடியில் எறும்பு ஊர்வதுபோல இரண்டு வரி. டை கட்டிய விற்பனைக்காரர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த இரண்டு வரியை வாய்விட்டுச் சொல்லும் பாக்கியம் உச்சாணிக்கு.

"பத்து மீட்டர் கேபிள் வரைக்கும்தான் இலவசம்ங்க. மேல போனா மீட்டர் கணக்கு. சுவத்துல மாட்டற கிளாம்புக்குக் காசு இல்ல. கம்பம் நட்டா அது தனி. இடி விழுந்தா மெஷின் போகாம இருக்க ஒரு சின்ன டப்பா, அதுவும் தனி."

இதைக் கேட்டவர்களில் பாதிப்பேர் அவனைத் திருடனாகத்தான் பார்த்தார்கள். பல் டாக்டர் ஒருவர், அவன் மேலே இருந்தபோது ஏணியை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டார். "ரேட்டைக் குறை, ஏணியைத் தர்றேன்" என்று கீழிருந்து பேரம் பேசினார். உச்சி வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றான் உச்சாணி. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் இரக்கப்பட்டுத் தன் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தார்.

இத்தனைக்கும் அவன் கம்பெனியின் ஊழியன்கூட இல்லை. ஒப்பந்தக்காரன். ஏணி, டிரில், இடுப்பு பெல்ட் எல்லாம் அவன் சொந்தப் பணத்தில் வாங்கியவை. கம்பெனிச் சாமான்களைக் கையில் கொடுப்பதற்கே அவனிடம் முன்பணம் வாங்கி வைத்திருந்தார்கள்.

இப்படியிருக்க ஒரு வெள்ளிக்கிழமை அக்கா போன் செய்தாள். அவள் மகளுக்கு, அதாவது அவன் மருமகளுக்கு, வீட்டிலிருந்தே செய்யும் வேலை கிடைத்திருந்தது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. திங்கட்கிழமை காலை இணைப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளை எடுத்துவிடுவார்கள்.

"உன் கம்பெனியிலயே எழுதிக் கொடுத்துட்டோம்டா. நீயே வந்து மாட்டிடு. கண்டவன்லாம் வந்து சுவத்தை ஓட்டை போட வேண்டாம்" என்றாள்.

சனிக்கிழமை போனான். அக்கா கணவரான மாமா வாசலிலேயே விளம்பரத் தாளோடு உட்கார்ந்திருந்தார். பத்திரம் பதியும் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுத்தில் இருப்பதை மட்டும்தான் நம்புவார், அதிலும் தனக்குச் சாதகமான எழுத்தை.

"இலவசம்னு போட்டிருக்கு மச்சான். படிச்சுப் பாத்துட்டேன்" என்றார், வரவேற்புக்குப் பதிலாக.

உச்சாணி அந்த இரண்டடுக்கு வீட்டின் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தான். தெரு முனையில் புதிதாக ஒரு மூணு மாடிக் கட்டடம் எழும்பி டவரை முழுசாக மறைத்துக்கொண்டிருந்தது. கிளாம்பில் மாட்டினால் ஒரு புள்ளி சிக்னல்கூட வராது. பன்னிரண்டு அடிக்குக் கம்பம் நட்டு, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினால் அந்தக் கட்டடத்தின் தோளுக்கு மேலாக டவர் தெரியும். கம்பெனி விலைப்பட்டியலில் அந்தக் கம்பமும் கூடுதல் கேபிளும் சேர்த்தால், மருமகளின் முதல் மாதச் சம்பளத்தில் பாதி.

இறங்கி வந்தான். அக்கா தண்ணீர் கொடுத்தாள். மருமகள் மேஜையைத் துடைத்து, கம்ப்யூட்டரை வைத்து, ரவுட்டருக்கென்று ஒரு ஓரத்தைக் காலியாக விட்டிருந்தாள். மாமா தாளை மடியில் வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வாசல்களில் ஒப்பித்த பட்டியல் தொண்டை வரை வந்தது. இந்த வாசலிலும் திருடனாக நிற்க அவனுக்கு மனசு வரவில்லை.

"ஒரு சாமான் வாங்கணும், வந்துடறேன்" என்று கிளம்பிப் போய், இரும்புக் கடையில் துரு ஏறாத குழாய் ஒன்றைத் தன் பணத்தில் வாங்கி வந்தான். கேபிளும் அவனுடையதே. சாயங்காலத்துக்குள் கம்பம் நின்றது, ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. மருமகள் கைதட்டினாள்.

"எவ்வளவு ஆச்சுடா?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் இலவசத்துல அடங்கிடும்."

"நான் சொல்லல?" என்று மாமா அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "தாளைக் கையில வெச்சுக்கிட்டு நின்னா எவனும் வாலாட்ட மாட்டான்."

விஷயம் அதோடு நின்றிருந்தால் வம்பில்லை. மாமாவுக்கு ஓய்வு பெற்ற பிறகு வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. கம்பத்துக்குக் காசு கேட்டால் கொடுக்காதே, அதட்டிக் கேட்டால் சும்மா நட்டுத் தருவார்கள் என்று தெருவெல்லாம் பாடம் நடத்தினார். எதிர்வீட்டுத் தையற்கடைக்காரர் அதே கம்பெனியிடம் முழு விலை கொடுத்துக் கம்பம் நட்டவர். அவருக்கு வயிறு எரிந்தது. கம்பெனிக்கு எழுதினார்: எனக்கு விலை, எதிர்வீட்டுக்கு இலவசமா?

பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து பரிசோதகர் ஒருவர் அக்கா வீட்டுக்கு வந்தார். இணைப்பு அக்காவின் பெயரில் இருந்தது. "இந்தக் கம்பம் எங்க பில்லுலயே இல்லையேம்மா. ஒண்ணு, நீங்க இப்ப விலை கட்டணும். இல்ல, யார் நட்டதுன்னு எழுதிக் கொடுங்க. இல்லேன்னா லைனைப் பிடுங்க வேண்டியதுதான்."

உச்சாணிக்கு இதெல்லாம் தெரியாது. மறுநாள் மேலாளர் அவனை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை முன்னால் தள்ளினார். பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்துபோல் உருட்டி உருட்டி எழுதும் அக்காவின் எழுத்து. வாசகம் மட்டும் மாமாவுடையது. 'மேற்படி கம்பத்தை நிறுவுநர் எங்கள் அனுமதி இன்றித் தன்னிச்சையாக நட்டார். கம்பெனிப் பொருள் என்றே நம்பினோம். இதில் எங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை.'

"இரும்புக் கடை ரசீது என்கிட்ட இருக்கு சார். என் காசு சார்."

"அதான் தப்பு. வெளிச் சாமானை எங்க பேர்ல மாட்டியிருக்க. நாளைக்கு அது யார் தலையிலயாவது விழுந்தா?"

"விழாது சார். நான் நட்டது."

ஒப்பந்தம் ரத்தானது. முன்பணத்தை அபராதமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனான். மாமா உள்ளறையில் இருமினார், வெளியே வரவில்லை. அக்கா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் என்னடா பண்றது? அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். லைனைப் பிடுங்கிட்டா இவ வேலை போயிடுமே."

"என் வேலை போயிடுச்சுக்கா."

"நீ உன் காசுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? நாங்க என்ன பிச்சையா கேட்டோம்?"

உள்ளே மருமகளின் விரல்கள் தட்டச்சுப் பலகையில் படபடவென்று ஓடும் சத்தம் கேட்டது. காதில் மாட்டியிருந்த ஹெட்போனைத் தாண்டி இந்தப் பேச்சு அவளை எட்டியிருக்காது. அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டான்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "உங்கக்காவுக்கு இலவசம், நமக்குத்தான் பில்லு" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது அவன் ஜன்னல்களுக்குக் கொசுவலை அடிக்கிற கடை ஒன்றில் வேலை செய்கிறான். முதல் மாடிக்கு மேல் ஏற வேண்டியதில்லை. கூலி பழையதில் பாதிக்குச் சற்று மேல். கடையில் அவனுக்குப் பட்டப்பெயர் இல்லை. 'இந்தாப்பா' என்று கூப்பிடுகிறார்கள். அக்கா வீட்டுக் கம்பத்தைக் கம்பெனி பிடுங்கவில்லை. தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, அதைத் தன் சாமானாகவே எழுதிக்கொண்டது.

மழைக்காலம் தொடங்கியபோது மருமகள் போன் செய்தாள். ஏழு மாதத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த முதல் அழைப்பு.

"மாமா, மழை பெஞ்சா லைன் கட் ஆகுது. ஒரு தடவை வந்து பாக்கறீங்களா?"

"கம்பெனிக்குப் போன் பண்ணும்மா. அனுப்புவாங்க."

"பண்ணேன் மாமா. ஆள் வந்து பாக்கறதுக்கே தனியாக் காசாம்."

"ஆமாம்மா, கேப்பாங்க. ரிசீவருக்குப் பின்னாடி கேபிள் சேர்ற இடத்துல தண்ணி இறங்கியிருக்கும். அங்க டேப் சுத்தச் சொல்லு. அஞ்சு நிமிஷ வேலை. அதுக்கு மேல எதையாவது மாத்தணும்னு சொன்னா ஒத்துக்காத."

மறுமுனையில் அக்கா பக்கத்தில்தான் நிற்கிறாள் என்று மூச்சிலேயே தெரிந்தது.

"நீங்க வரமாட்டீங்களா மாமா?"

"இங்க கடையில வேலை இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, அவள் வைப்பதற்கு முன்னால் அவனே போனை வைத்தான்.