மாடி வீட்டு வகுப்பு

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதிய என் மகளுக்கு இடம் கிடைக்கவில்லை. அதையாவது தாங்கிக்கொண்டிருப்பேன். முந்தின வருஷம் அதே தேர்வை எழுதிய என் ஓர்ப்படியின் மகள் ஒரே தடவையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதுதான் என் வயிற்றை எரித்தது.

ஓர்ப்படி என்றால் என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. எங்கள் மாடியில்தான் குடித்தனம். பள்ளிக்கூட டீச்சர். நான் ஐந்தாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த என் ஒரே பெண், மறுபடி எழுதுகிறேன் என்றாளே தவிர, எந்தக் கோச்சிங்கில் சேர்வது என்று என்னைக் கேட்கவில்லை. சாயங்காலமானால் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அவளும் ஓர்ப்படியும் தலையோடு தலை சேர்த்து டெமோ கிளாஸ் பார்த்தார்கள். சிரிப்பு படியிறங்கி வரும். என்னோடு அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று இருக்கும்.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, ஓர்ப்படி மகள் படித்த ஆன்லைன் வகுப்பு. இன்னொன்று, சனி ஞாயிறில் சென்னைக்குப் போய்ப் படிப்பது.

"சென்னைக்கே போ" என்றேன்.

"ஏம்மா, அங்க என்னா நல்லா இருக்குது?"

என்னவென்று சொல்வது? அது மாடி வீட்டு வகுப்பு இல்லை, அவ்வளவுதான். "அம்மன் கோயில்ல பூக்கட்டிப் பாத்துடலாம்" என்றேன்.

"பரீட்ச நான் எழுதணுமா, அம்மனா?" என்றாள். ஆனாலும் வந்தாள்.

பூக்கட்டிப் பார்க்க வாசனையில்லாத பூவாக எடுக்க வேண்டும். எனக்கிருந்த ஆத்திரத்தில் கூடையில் கிடந்த மல்லியையும் கனகாம்பரத்தையும் எடுத்து வாழையிலையில் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டினேன். மல்லி வந்தால் சென்னை, கனகாம்பரம் வந்தால் ஆன்லைன் என்று அவளிடமும் சொல்லிவிட்டேன். குருக்கள் இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்து, தட்டில் குலுக்கி நீட்டினார். அவள் நன்றாகக் குனிந்து ஒன்றை எடுத்தாள். பிரித்தால் கனகாம்பரம்.

அம்மனும் ஓர்ப்படி கட்சியா என்று முணுமுணுத்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன். செருப்பு மாட்டும்போது அவளே ஆரம்பித்தாள்.

"மா, கோச்சுக்காத. மல்லி வாசன எலைய தாண்டி வந்துக்கினு இருந்துச்சு. தெரிஞ்சுதான் இன்னொண்ண எடுத்தேன்."

"சாமி முன்னாலயேவா? அப்படி என்னாடி உன் சித்தி மேல ஆச?"

"சித்திக்காக இல்லம்மா. போன தடவ பதில் தெரியாம ஒண்ணும் விடல. பக்கம் பக்கமா இங்கிலீசு. படிச்சு முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க. இந்த ஆன்லைன்ல தெனமும் நேரம் வெச்சு படிக்க வெக்கறாங்க, எங்க தேங்கி நின்னேன்னு சொல்றாங்க. அந்த சென்னை சாரு டெமோ பூரா ஜோக்குதான் அடிச்சாரு."

செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடென்று முன்னால் நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாடியிலிருந்து ஓர்ப்படி எட்டிப் பார்த்தாள். "என்னா பூ வந்துதுக்கா?" ஆன்லைன்தான் என்று என் பெண் சொன்னதும் ஓர்ப்படி விடவில்லை. "அதத்தான் நான் அப்பவே சொன்னேனே, கேட்டீங்களா? சரி, கோயிலுக்கு நடந்தது காலுக்கு நல்லதுன்னு வெச்சுக்கோங்க."

சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய?

கீழே என் வீட்டுக்காரர் தறி ஓட்டும் சத்தத்தில் என் பெண்ணுக்கு வகுப்பு காதில் விழாது. அதனால் தினமும் மாடியில், கல்லூரிக்குப் போய்விட்ட ஓர்ப்படி மகளின் அறையில், அந்தப் பெண்ணின் நாற்காலியில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். ஒருநாள் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு ஏறினேன். அவள் பக்கத்தில் ஏற்கெனவே ஓர்ப்படி வீட்டு டம்ளர் ஒன்று, காப்பி குடித்துக் காலியாக இருந்தது. சத்தமில்லாமல் இறங்கி வந்து நானே குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். என் பெண்ணுக்கு இடம் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அதோடு நிறுத்துவதில்லை. ஓர்ப்படி மகள் வாங்கியதைவிட ஒரு மார்க்காவது கூட வரட்டும் என்றும், உதடு அசையாமல் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.