பின்னால் வந்த டிராக்டர்

எங்கள் ஆம்பூர்ப் பக்கம் சாலையைக் கடக்கும் விதமே தனி. ஷூ கம்பெனி விட்டதும் பெண்கள் கூட்டமாக ஹைவே ஓரம் வந்து நிற்பார்கள். முன்னால் நிற்பவள் லாரிக்குக் கை காட்டி இறங்குவாள். மற்றவர்கள் அவள் முதுகைப் பார்த்தபடியே போவார்கள். லாரியைக் கவனிப்பது கை காட்டியவள் பாடு. நானும் என் தங்கை கணவரும் அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள்.

இருவரும் ஒரு பெரிய விமான நிலையத்தில் ஓட்டுநர்கள். நான் ஜீப் ஓட்டுகிறேன், அவர் புல் வெட்டும் டிராக்டர். அந்த வேலைக்கு அவரை இழுத்துப் போனவனே நான்தான்.

ரன்வேயைக் கடக்க ஒவ்வொரு வண்டியும் கன்ட்ரோல் டவரிடம் அனுமதி வாங்க வேண்டும். அன்று காலை நான் கேட்டேன், கொடுத்தார்கள், கடந்தேன். அந்தப் பக்கம் போய்க் கண்ணாடியைப் பார்த்தால், டிராக்டர் ரன்வே நடுவில் சாவகாசமாக வந்துகொண்டிருக்கிறது! வாக்கி டாக்கியில் டவர் கத்துகிறது. அந்த இன்ஜின் இரைச்சலில் அவருக்கு எங்கே கேட்கும்? இறங்க வந்த விமானம் சக்கரத்தை நீட்டியபடியே அவர் தலைக்கு மேல் மறுபடி எழும்பிப் போனது. எனக்குத் தங்கையின் முகம்தான் கண்ணில் நின்றது.

அவர் வந்து நின்றதும் சட்டையைப் பிடித்துவிட்டேன். "இன்னா மாப்ள, உனக்குக் கண்ணு இல்ல?"

"நீங்க போனீங்களே மச்சான். அதான் வந்தேன்."

விசாரணையிலும் அதையேதான் சொன்னார். குடியோ தூக்கமோ இல்லை. பீடிகூடப் பிடிக்காத மனிதர். முன்னால் போகும் விமானத்தை நம்பி விமானிகளே சில நேரம் ரன்வேக்கு முன்னால் நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டிவிடுவார்களாம், பிறகு நடந்த பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அதைக் கேட்டு எனக்கு பயம்தான் ஜாஸ்தியானது.

அடுத்த லீவில் ஊருக்கு வந்து, தங்கையை அழைத்துவரக் கம்பெனி வாசலுக்குப் போனோம். அவள்தான் கை காட்டி முதலில் இறங்கினாள். எல்லோரும் எதிர்ப்பக்கம் வந்து திரும்பிப் பார்த்தால், அவர் மட்டும் அங்கேயே நிற்கிறார்.

"இன்னாங்க, அங்கியே நின்னுட்டீங்க? நாங்கல்லாம் வந்துட்டோம் இல்ல!"

"வர்றேன், இரு."

இரண்டு பக்கமும் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"லாரிக்கு இவ்ளோ பயமாண்ணா இவருக்கு?" என்று சிரித்தாள். ரன்வேயில் நடந்தது அவளுக்குத் தெரியாது.

"மெதுவா வரட்டும்மா" என்றேன். சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எந்தப் பக்கமும் பார்க்காமல் அவள் பின்னாலேயே வந்திருந்தேன்.