உம்மா நோற்ற நேர்ச்சை நோன்பு

ஸலாம் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன், சகோதரிகளே. சுற்றி வளைத்தால் என் தைரியம் போய்விடும். நான் நேர்சிங் லைசன்ஸ் பரீட்சையில் இரண்டு தரம் ஃபெயிலானவள். இரண்டாம் தரம் ஃபெயிலான அன்று, பாஸ் என்று என் உம்மாவிடம் பொய் சொன்னவள். அந்தப் பொய் உம்மாவின் உயிர் வரைக்கும் போனது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீடு சாய்ந்தமருதில், கடற்கரைப் பக்கம். வாப்பா மௌத்தாகிப் பத்து வருஷமாகிறது. உம்மாவும் நானும் மட்டும்தான். நேர்சிங் டிப்ளோமா முடித்து, கல்முனையில் ஒரு தனியார் கிளினிக்கில் ஆறு வருஷமாக வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குக் கலியாணம் பேசுவதென்றால் அவள் பெயரில் வீடு இருக்க வேண்டும். எனக்கு இருந்தது நாலு சுவர். வாப்பா எந்த மட்டத்தில் விட்டுப் போனாரோ அதே மட்டத்தில், கூரையில்லாமல் நின்றது. உள்ளே எருக்கலை முளைத்து என் உயரத்துக்கு வந்துவிட்டது. எனக்கு முப்பத்தொரு வயது. பார்க்க வந்தவர்கள் முதலில் அந்தச் சுவரைப் பார்ப்பார்கள், பிறகுதான் என்னைப் பார்ப்பார்கள்.

வளைகுடாவுக்குப் போய் நேர்ஸாக வேலை செய்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அதற்குப் போகிற நாட்டு லைசன்ஸ் பரீட்சை பாஸாக வேண்டும். கொழும்பில், கம்ப்யூட்டரில், இங்கிலீஷில் நடக்கும். மூன்றே மூன்று தரம்தான் எழுதலாம். மூன்றிலும் விட்டால் கதை முடிந்தது.

முதல் தரம் ஹஜ் பெருநாள் முடிந்த கிழமை எழுதினேன். கடைசிக் கேள்வியை முடித்ததும் திரையில் முடிவு வந்துவிடும். ஃபெயில். அன்றைக்கு அழுதேன். வந்து சொன்னேன். உம்மாவும் அழுதார். "அடுத்த தரம் பாஸாக்குவான் மகள். நான் மூணு நோம்பு நேந்திருக்கன்," என்றார். உம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காலையில் ஒரு குளிசை, இரவில் ஒரு குளிசை. நோன்பு என்ற சொல்லைக் கேட்டதுமே நான் தடுத்திருக்க வேண்டும். பாஸானால்தானே என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, ரபியுல் அவ்வலில் இரண்டாம் தரம். இரண்டு மாதம் ஊணுறக்கமில்லாமல் படித்தேன். சுஜூதில் நெற்றியை வைத்துக் கிடந்து கேட்டேன். திரையில் அதே சொல் வந்தது.

மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது எனக்குக் கண்ணீர்கூட வரவில்லை. கொழும்புத் தெருவில் நின்றேன். பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று என் மேல் ஏறிவிட்டால் நல்லது என்று நினைத்தேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும், மெய்யாகவே அப்படித்தான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. உம்மா. விடியற்காலையில் இருந்து தொழுகைப் பாயை விட்டு எழும்பவில்லையாம். "என்ன மகள்? என்னகா செய்தி?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த ஆசையை என்னால் தாங்க முடியவில்லை.

"பாஸ் உம்மா," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஊருக்கு வந்து ஆறுதலாக உண்மையைச் சொல்லலாம் என்று பஸ்ஸில் இருந்து நினைத்தேன். மறுநாள் காலை வந்து இறங்கினால், உம்மா அதற்குள் எல்லாரிடமும் சொல்லிவிட்டார், பக்கத்து வீட்டு ஜெஸீமா ராத்தா ஒரு போத்தல் மாசிக் கருவாட்டுச் சம்பலோடு வாசலில் நிற்கிறார். அவருடைய மகன் கட்டாரில் இருக்கிறான். "போகக்குள்ள என்ட மகனுக்கு இதக் குடுத்திரு புள்ள. இப்பவே சொல்லிட்டன், மறுகா இடமில்ல எண்டு சொல்லாத," என்றார். விசாகூட இல்லாதவளுக்குப் பார்சல் வந்துவிட்டது! சிரித்துக்கொண்டு வாங்கி வைத்தேன். நாசமாய்ப் போன சிரிப்பு.

உம்மா புதன்கிழமை விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பினார். நேர்ச்சை நோன்பின் முதல் நாள்.

"வேணாம் உம்மா, சீனியோட ஏலா," என்றேன்.

"அல்லாஹ் தந்திட்டான். வாக்குக் குடுத்தவள் நான். கடத்த ஏலுமா மகள்?"

ஒரேயொரு பதில்தான் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உம்மா ஸஹர் சோற்றைத் தின்று, குளிசையையும் போட்டுக்கொண்டு நோன்புக்கு நிய்யத் வைத்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நேர்ஸ்! பகல் முழுதும் சாப்பிடாதவருக்கு அந்தக் குளிசை சீனியை எப்படி இறக்கும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

வியாழக்கிழமை, இரண்டாம் நோன்பு. கச்சான் காற்று அனலாக அடித்தது. பின்னேரம் அஸர் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரம் இருக்கும். உம்மா தொழுத பாயிலேயே சரிந்து கிடந்தார். உடம்பெல்லாம் வியர்வை. தொட்டால் ஐஸ் மாதிரி இருந்தது. கை நடுங்கியது. பேச்சுக் குழறியது.

நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? போனை எடுத்து எங்கள் கிளினிக் டொக்டருக்கு அடித்தேன். அவர் எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. மூன்றாம் தரமும் அடித்தேன். உம்மா என் மடியில் கிடக்கிறார், நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். ஆறு வருஷமாக எனக்குப் பழக்கியது அதுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஒரு நோயாளிக்கு நானாக எதையோ செய்யப்போய், எல்லார் முன்னாலும் மூத்த நேர்ஸிடம் பேச்சு வாங்கினேன். "டொக்டர்ட்டக் கேக்காமக் கை வைக்காத!" அன்றையிலிருந்து எதற்கும் கேட்டுவிட்டுத்தான் கை வைப்பேன்.

அப்போதுதான் சத்தம் போட்டு அழுதேன். "யா அல்லாஹ், பாஸ் எனக்கு வேண்டாம். வீடும் வேண்டாம். ஒன்றும் வேண்டாம். உம்மாவை மட்டும் விட்டுவை." என் வாழ்க்கையில் நான் கேட்ட முதல் உண்மையான துஆ அதுதான்.

போனை வீசிவிட்டு எழும்பினேன். சீனி பார்க்கும் மெஷினை எடுத்து உம்மாவின் விரலைக் குத்திப் பார்த்தேன். நாற்பத்தெட்டு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. ஓடிப்போய்ச் சீனித் தண்ணி கரைத்துக்கொண்டு வந்து, தலையைத் தூக்கி வாயருகில் வைத்தேன். உம்மா பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வேணா. நேந்த நோம்பு. முறிக்க மாட்டன்."

"வருத்தக்காரருக்கு முறிக்கலாம் உம்மா. குடிங்க."

"மஃரிபுக்கு நோம்பு தொறக்க இன்னும் கொஞ்ச நேரந்தானே... வாக்குக் குடுத்த... அல்லாஹ் தந்தவன்..."

"அல்லாஹ் தரல்ல உம்மா! நான் பெயில்! பொய் சொன்ன நான்! இது நீங்க புடிக்க வேண்டிய நோம்பே இல்ல, குடிங்க!"

கத்திவிட்டேன். உம்மா என்னைப் பார்த்தார். விளங்கியதோ விளங்கவில்லையோ, வாய் திறந்தது. குடித்தார். கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பப் பார்த்தேன், சீனி ஏறியிருந்தது. பிறகு ஜெஸீமா ராத்தா ஓட்டோ பிடித்துத் தர, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உம்மா பிழைத்தார். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் வீட்டுக்கு வந்த உம்மா என்னோடு கதைக்கவில்லை. எட்டு நாள். சோறு போட்டு வைப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். அந்த எட்டு நாளும் நான் பட்டது கொஞ்சமில்லை. ஒன்பதாம் நாள் காலில் விழாத குறையாகக் கேட்டேன். "நான் பெயிலானது ஒங்களுக்கு அவ்வளவு பெரிய கவலையா உம்மா?"

"நீ பெயிலானதுக்கு நான் அழல்ல," என்றார். "ரெண்டு நாள் தண்ணி வென்னி இல்லாமக் கிடந்து நான் அல்லாஹ்வுக்கு நன்றியா ஷுக்ர் செஞ்சன். எதுக்கு ஷுக்ர் செஞ்ச எண்டு அவன் கேட்டா நான் என்ன சொல்ற? அதுக்குத்தான் அழுறன்."

அதற்குப் பிறகு எப்படிப் படிப்பது? புத்தகத்தை விரித்தால் எழுத்தே தெரியாது. மாசிச் சம்பலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "ஊர் கதைக்கும் புள்ள. கதைச்சுக் கதைச்சு வாய் நொந்தா நிப்பாட்டும்," என்று சொல்லிப் போத்தலை வாங்கிக்கொண்டார் ஜெஸீமா ராத்தா. ஊர் லேசில் நிறுத்தவில்லை. கிளினிக்குக்கு மருந்து கட்ட வருகிறவர்கள்கூட, "பாஸ் எண்டாங்களே?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். வேலையை விட்டுவிடலாமா என்று ஒவ்வொரு நாளும் யோசித்தேன். துஆ கேட்கவும் வெட்கமாக இருந்தது. வெறும் கையை ஏந்திக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டு எழும்புவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நாள், அஸருக்குப் பிறகு அப்படித்தான் எழும்பி, பழைய பயிற்சிக் கேள்விகளைச் சும்மா புரட்டினேன். பிழையாக்கிய கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். 'நேர்ஸ் முதலில் செய்ய வேண்டியது என்ன?' எல்லாவற்றுக்கும் நான் குறித்திருந்த விடையும் ஒன்றுதான். 'டொக்டருக்கு அறிவிக்க வேண்டும்.' மூச்சுத் திணறுகிறவனுக்கும் அதுதான், இரத்தம் போகிறவளுக்கும் அதுதான். நோயாளியை முதலில் பார், தொடு, கையில் இருப்பதைச் செய், பிறகு அறிவி என்பதுதான் அவர்கள் எதிர்பார்த்த விடை. போனைக் காதில் வைத்துக்கொண்டு மடியில் உம்மாவோடு இருந்த என்னை அந்தத் தாளில் கண்டேன். அந்த வியாழக்கிழமை இல்லாவிட்டால் மூன்றாம் தரமும் அதையேதான் எழுதியிருப்பேன்.

ஷஃபான் மாதத்தில் கடைசித் தரம் போனேன். உம்மா வாசல் வரைக்கும் வந்தார். துஆ செய்யுங்கள் என்று கேட்க எனக்கு வாய் எழவில்லை.

திரையில் பாஸ் என்று வந்தது. நான் நம்பவில்லை. மண்டபத்தில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். முடிவுக் கடதாசியை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்து, போன் எடுத்து உம்மாவிடம் சொன்னேன். "கடதாசிய அனுப்பு. ஜெஸீமா வாசிக்கட்டும்," என்றார். வலித்தது. எனக்கு அது வேண்டும்தான். படம் பிடித்து அனுப்பினேன். ஜெஸீமா ராத்தா என் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்து, பிறகு அந்தச் சொல்லையும் வாசிப்பது போனில் கேட்டது. "மெய்தான் மாமி, பாஸ்தான்!" என்று கத்தினார்.

உம்மா அழுதார். பிறகு சொன்னார். "இந்தத் தரம் நான் ஒண்டும் நேரல்ல மகள். நீ பஸ்ஸேறின பொறகு பாயில இருந்து ஒரே ஒண்டுதான் சொன்னன். யா அல்லாஹ், என்ட புள்ளய நான் மன்னிச்சிட்டன், நீயும் மன்னிச்சிரு எண்டு."

நான் அந்தத் தெரு ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உம்மாவை மட்டும் கேட்டு, மற்றதையெல்லாம் வேண்டாம் என்றவள் நான். அவன் உம்மாவையும் தந்தான், வேண்டாம் என்றதையும் தந்தான்.

விசா இன்னும் வரவில்லை. சுவர் இன்னும் கூரையில்லாமல்தான் நிற்கிறது. ஆனால் நான் இப்போது அல்லாஹ்வுக்கு முன்னால் எதையும் மறைத்துக்கொண்டு நிற்பதில்லை. உங்களில் யாராவது தோற்றுவிட்டு வீட்டில் பொய் சொல்லிக்கொண்டு இருக்கிறீர்களா? உங்களுக்காகவும் யாராவது நோன்பு பிடிப்பார்கள் சகோதரி. இன்றைக்கே போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அழுவார்கள், கதைக்காமல் இருப்பார்கள், அதையும் தாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கையை ஏந்துங்கள். நீங்கள் வெட்கத்தில் வாய் திறக்காவிட்டாலும், உங்களுக்காக அந்தப் பாயில் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்.