ஸ்விங்குக்கு விழுந்த அட்சதை

புலம்பெயர் தமிழரின் கடைத்தெருவான லா சப்பலில் எங்கள் கல்யாண இசைக்குழுவில் நான் கீபோர்ட் வாசிக்கிறேன். குழுவை நடத்துவதும் நான்தான். ட்ரம்பெட் முழங்கும் பழைய ஸ்விங் ஜாஸ் இசை என்றால் எனக்கு உயிர்; அதை ஒரு கல்யாணத்திலாவது வாசிக்க ஆசை.

"ஒருக்கா அடிச்சுப் பாப்பம் அண்ணை. சனத்துக்குப் பிடிக்காட்டி இனிச் சினிமாப் பாட்டுத்தான்" என்றார் எங்கள் ட்ரம்ஸ்காரர்.

அடுத்த கல்யாணத்தில், மணப்பெண் மேடைக்கு வரும்போது ஸ்விங் வாசித்தோம். நடுவில் ட்ரம்பெட்டும் ட்ரம்ஸும் சேர்ந்து முழங்கின. கெட்டிமேளம் என்று நினைத்துச் சபையே எழுந்து அட்சதையை எறிந்தது. தாலியோ இன்னும் தட்டில் இருந்தது.

கூச்சத்தில் நான் தலை நிமிரவில்லை. ஐயர் என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, மேளக்காரர் சென் தெனி ஸ்டேசனிலை ரயிலுக்கை மாட்டுப்பட்டு நிக்கினமாம். தாலி கட்டேக்கையும் இதையே அடியுங்கோ."

தாலி ஏறியபோது, இரண்டாம் முறையும் அட்சதை எங்கள் ஸ்விங்குக்கே விழுந்தது.