ஞாயிற்றுக்கிழமை இத்தாலிப் படம்

கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிதான் அவள். வாரம் முழுக்கப் பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கிற என் வீட்டுக்காரர், லீவு நாளில் குளித்துச் சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு தியேட்டருக்குக் கிளம்பிவிடுவார். போஸ்டரில் பெரியவர்களுக்கு மட்டும் என்று போட்டிருக்கும். திரும்பி வந்தால் என் முகத்தை நிமிர்ந்தும் பார்க்க மாட்டார். என்னைப் பிடிக்கவில்லை என்றே முடிவு கட்டியிருந்தேன். ஆடி மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. எரியோட்டுக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பக் கூப்பிட வராமலே இருந்துவிட்டால்?

"நானும் வாரேன்" என்றேன் ஒருநாள்.

"அது பொம்பளைக பாக்குற படமில்ல."

"அதுல வாரவுக மட்டும் பொம்பளைக இல்லையாக்கும்?"

என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெண்கள் பக்கம் ஈ காக்கை இல்லை. அதனால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

எங்கள் ஊரில் வெள்ளைக்காரர் நடித்தால் எல்லாமே இங்கிலீஷ் படம்தான். இது இத்தாலியில் எடுத்தது. வாய் ஒன்று சொல்லக் குரல் வேறொன்று சொன்னது. எனக்கு இரண்டுமே புரியாததால் நஷ்டமில்லை. கண்ணுக்குத்தான் அவ்வளவு விருந்தும். பச்சை வெளிச்சம் விழுந்த மாடிப்படி, ரத்தச் சிவப்பில் திரைச்சீலை, கறுப்புப் பட்டு கவுனில் ஒருத்தி. வெளியே கையுறை போட்ட கொலைகாரன் நிற்கிறான், அவளோ ஒவ்வொரு கண்ணாடியிலும் நின்று தன் அழகைப் பார்த்துக்கொண்டு போகிறாள். பயத்தைக்கூட இத்தனை அழகாகக் காட்ட முடியுமா என்று சொக்கிப்போனேன்.

காதலன் நெருங்கும்போதெல்லாம் சென்சாரில் வெட்டியிருந்தார்கள். கூட்டம் விசிலடித்துக் கத்தியது. வெட்டாமல் விட்டதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அவன்தான் கொலைகாரனோ என்ற சந்தேகத்தோடும் ஆசையோடும் அவள் அவனைப் பார்த்த பார்வை அது. தலை குனியவே இல்லை.

கடைசியில் அவள் கதவைப் பூட்டினாள். கையுறைக்காரன் நொடியில் திறந்துவிட்டான். தியேட்டரில் பாதிப் பேர் பூட்டுக்காரர்கள். "ஏலே, அதெல்லாம் ஒரு பூட்டாலே?" என்று சத்தம் வந்தது. என் வீட்டுக்காரரும் நிஜமாகவே வருத்தப்பட்டு முணுமுணுத்தார்: "நம்ம பூட்டா இருந்தா அந்தப் புள்ள பொழச்சிருக்கும்."

அந்த நிமிஷம் இவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

வீட்டு வாசலில் இவர் சாவியை எடுத்தபோது, அந்தப் பட்டு கவுன்காரி பார்த்த மாதிரியே இவரைப் பார்த்தேன். சாவி உள்ளே நுழையவில்லை. இவரே செய்த பூட்டு அது.

"என்னா புள்ள, இப்புடிப் பாக்குற?"

"படத்துல பாத்ததுதான்."

ஆடி பிறந்து எரியோட்டுக்குப் போனேன். முதல் ஞாயிற்றுக்கிழமை, காலைக் காட்சி ஓடுகிற நேரத்தில், இவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏன், இந்த வாரம் படம் மாத்தலையா?" என்றேன்.

"மாத்திட்டாக. நல்ல படமாம்" என்றார், என் முகத்தை நேராகப் பார்த்து.